புரட்சிக்காரர்களின் விமானமும் பதினேழாம் குழாயும்

அண்ணன் அந்தப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது நான் சோபாவுக்கு அடியில் கையை விட்டுப் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலுக்கு அல்ல. அது அவருடைய வலது கைக் கட்டைவிரலுக்கான பயிற்சி. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பயறை ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் சொல்லியிருந்தார். பாதிப் பயறு இரண்டாவது கிண்ணத்துக்குப் போகும். மீதி வீடு முழுக்கப் போகும். அண்ணனுக்கு விரல் வலித்ததோ இல்லையோ, எனக்கு இடுப்பு வலித்தது.

"இனிமே பயறு வேணாம். அந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸிகிட்ட கேட்டுட்டேன். நுணுக்கமான வேலை எதுவா இருந்தாலும் சரின்னுட்டாங்க," என்று சொல்லிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். பாகங்களை ஒட்டிக் கட்டுகிற பொம்மை விமானம். யாரோ வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பெட்டி. அதனால் பாதி விலைக்குக் கிடைத்ததாம். மூடியில் கறுப்பு வானம், நட்சத்திரங்கள், நடுவே பார்க்கவே பரிதாபமான ஒரு விமானம்.

பரிதாபம் என்று சும்மா சொல்லவில்லை. முன்னால் ஒரு தட்டையான மூக்கு, அதில் விமானி உட்காரும் கூண்டு. அங்கிருந்து பின்னோக்கி ஒரு கழுத்து. கழுத்தின் கடைசியில் குறுக்காக ஒரு கட்டை. கட்டையின் இரண்டு முனையிலும் நீள நீளமாக இரண்டு இன்ஜின். அந்த இன்ஜின்களைச் சுற்றி குழாய், கம்பி, பெட்டி, மறுபடியும் குழாய் என்று எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. தோலை உரித்துப் போட்டதுபோல் இருந்தது.

"இது என்ன, கழட்டிப் போட்டதா?" என்று கேட்டேன்.

"போர் விமானம். விண்வெளில சண்டை. புரட்சிக்காரங்க ஓட்டுறது."

"எதுக்குப் புரட்சி?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த விமானம் வருவது உலகமே பார்த்த ஒரு படத்தில். நான் பார்த்ததில்லை. விண்வெளி, லேசர், முகமூடி என்று வந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஒரு பொருளை நேரில் பார்த்துவிட்டால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அது என் குணம், என் தொழிலும்கூட.

நான் ஸ்கூடாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சலவை இயந்திரத்தின் குமிழ், பிரிண்டரின் பல்சக்கரம் எல்லாம் அச்சிலிருந்து சுடச்சுட விழுந்து என் மேசைக்கு வரும். ஓரத்தில் பிசிர் இருந்தால், ஒரு மூலையில் பிளாஸ்டிக் போய்ச் சேராமல் இருந்தால், நடுவில் குழி விழுந்திருந்தால் சிவப்புக் கூடையில் போடுவேன். வேலையிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ரிஜெக்ட் அக்கா' என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் சிங்கப்பூரில் விமானப் பராமரிப்பு மெக்கானிக். பதினான்கு வருடம் விடியும் முன்பே தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கெலாங் பாத்தா வழியாக, கடலுக்குக் குறுக்கே சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, வேலை முடிந்து அதே வழியில் திரும்புவார். மழை பெய்த ஒரு காலையில் முன்னால் போன மோட்டார் சைக்கிள் சறுக்கியது. இவர் பிரேக் போட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. உடைந்த பக்கக் கண்ணாடி கட்டைவிரலின் அடியில் பாய்ந்து, விரலை மடக்கும் நரம்பை அறுத்துவிட்டது. நரம்பு என்று நாங்கள் சொல்கிறோம், டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். தைத்து ஒட்டினார்கள். விரல் இருந்தது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கம்பெனி நல்ல கம்பெனிதான். வேலையை வைத்திருந்தார்கள். ஆனால் விமானத்தில் மறுபடி கை வைக்க வேண்டுமென்றால் ஒரு கைத்தேர்வு. இன்ஜினில் இருக்கும் போல்ட் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் உள்ள துளையில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்து போல்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். அதை ஒரு இடுக்கான பெட்டிக்குள் கையை விட்டு ஐந்து ஜோடிக்குச் செய்து காட்ட வேண்டும். முறுக்கு ஒரே சீராக இருக்க வேண்டும். எல்லாமே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை. ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவரே தேதி கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். தேறாவிட்டால் வேலை போய்விடும்.

நாற்பத்திரண்டு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவார்? அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வரிசை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விமானத்தைத் தவிர அவருக்குப் பேசவும் வேறு விஷயம் கிடையாது. இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. பயறு பொறுக்கினோம்.

பெட்டியைத் திறந்ததும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சு நல்ல அச்சு. பிசிர் இல்லை. குழி இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் வரைபடத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது ஒரு பெரிய குறை கண்ணில் பட்டது. இன்ஜினை மூடுகிற மேல்மூடி எங்குமே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் உள்ளிருக்கும் குழாயும் கம்பியும் வெளியே தெரிய ஒரு பொருள் வந்தால் அது முதல்தர ரிஜெக்ட். பேச்சே கிடையாது.

"அண்ணே, ஏமாத்திட்டான். மூடி இல்ல. திறந்த பெட்டிதானே, முன்னாடி வாங்கினவன் எடுத்துட்டு மீதியத் திருப்பிக் குடுத்திருக்கான்."

"இல்லம்மா, அது வந்து..."

நான் எங்கே கேட்டேன்? பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். பேரங்காடியின் மூன்றாவது மாடியில், கைப்பேசி ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. நடத்துபவர் ஒரு சீன முதலாளி, எங்கள் ஊரில் தௌக்கே என்போம். நான் மேசைமேல் பெட்டியை வைத்து மலாயில் ஒரு பிடி பிடித்தேன். கூட்டம் கூடியது. தௌக்கே பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மெமாங் தாக் அடா லா, காக்," என்றார். அதற்கு மூடியே கிடையாது என்கிறார்.

"மூடி இல்லாம எப்படி பறக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினார். புதிதாக வந்த காலத்தில் அந்த விமானத்துக்கு வழுவழுப்பான மேல்மூடி இருந்ததாம். ஆனால் அது ரொம்பவும் பராமரிப்புக் கேட்கிற விமானம். ஒவ்வொரு தடவை பறந்து வந்ததும் மூடியைக் கழற்றி, ரிப்பேர் பார்த்து, மூடியை மாட்டி, மறுநாள் திரும்பக் கழற்றி என்று புரட்சிக்காரர்களின் மெக்கானிக்குகளுக்கு அலுத்துப் போய்விட்டது. போகட்டும் என்று மூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அப்படியே பறந்தது.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் அவமானம் போய்விட்டது, ஆர்வம்தான் மிஞ்சியது. எவனோ ஒருவன் உட்கார்ந்து படத்துக்காகக் கற்பனை செய்த விமானம். அதற்குள் இப்படி ஓர் அலுப்பை அவன் எப்படி யோசித்து வைத்தான்? எங்கள் தொழிற்சாலையில் மூன்றாம் எண் இயந்திரத்துக்கும் பக்கத்தகடு கிடையாது. அதே காரணம்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அதத்தான் சொல்ல வந்தேன். நீ எங்க கேட்ட?"

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் மேசைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டுவார், தேய்ப்பார், ஒட்டுவார். நான் கேள்வி கேட்பேன்.

"இது என்ன செய்யும்?"

"எல்லாம் செய்யும். குண்டு போடும். சண்டை போடும். பெரிய கப்பலுக்குக் காவலாப் போகும். சில விமானத்துல ரெண்டு பேர் உக்காரலாம்."

"அப்ப நல்ல விமானம்தானே?"

"இல்ல. மெதுவாத்தான் போகும். பழசு. ஆனா அடி தாங்கும். புரட்சிக்காரங்களுக்கு வேற வழியில்ல. எதிரிகிட்ட ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு விமானம் இருக்கு. இவங்ககிட்ட இருக்கிறது இதுதான், அதால எல்லா வேலையும் இது செய்யணும்."

"உங்க கப்சாய் மாதிரி," என்றேன். அந்த மோட்டார் சைக்கிளில்தான் அவர் வேலைக்குப் போனார், சமையலுக்குக் கேஸ் தோம்பு ஏற்றி வந்தார், அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனார், தைப்பூசத்துக்கு என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போனார். அண்ணன் ஆமாம் என்றார்.

"உதிரிப் பாகம் எங்கேர்ந்து வரும்? அவங்களுக்குத் தொழிற்சாலை இருக்கா?"

"இல்ல. ஒடைஞ்ச விமானத்துலேர்ந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டுவாங்க."

"படத்துல அதக் காட்டுறாங்களா?"

"எங்க! ஓட்டுறவங்களத்தான் காட்டுவாங்க. கழட்டி மாட்டுறவன் பின்னால எங்கேயாவது ஏணியில நிப்பான்." பிறகு விமானிக்குப் பின்னால் இருந்த ஒரு குட்டிக் குழியை விரலால் தொட்டார். "இங்க ஒரு சின்ன ரோபோ உக்காரும். பறந்துகிட்டு இருக்கும்போதே ரிப்பேர் பாக்கும். அதுதான் நம்ம ஆளு."

அவர் பொம்மையைக் கட்டினாலும் விமானத்தைக் கட்டுவதுபோலத்தான் கட்டினார். ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி அதில் கோடு போட்டு வேலை அட்டை தயாரித்திருந்தார். வேலை எண், என்ன வேலை, செய்தவர், சரிபார்த்தவர். ஒரு வேலை முடிந்ததும் 'செய்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். 'சரிபார்த்தவர்' கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அவருடைய வேலையிடத்தில் முக்கியமான வேலை எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும், செய்தவனே தன் வேலையைச் சரிபார்க்கக் கூடாது என்று சொன்னார். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான் என்றேன். ஆனால் எங்கள் ஆட்கள் அவசரமென்றால் பத்துப் பெட்டிக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

முதல் ஒரு மாதம் நன்றாகப் போனது. பெரிய பாகங்கள். பிறகு குழாய்கள் வந்தன. ஒவ்வோர் இன்ஜினைச் சுற்றியும் பல்குத்தும் குச்சியைவிட மெல்லிய குழாய்கள். பதினாறு குழாயை எப்படியோ ஒட்டிவிட்டார். பதினேழாவது வளைந்த குழாய். இரண்டு சின்ன வளையங்களுக்குள் நுழைந்து போய் ஒரு பெட்டியில் முட்ட வேண்டும். சிறு இடுக்கியால் பிடித்து, நடுக்கமில்லாமல் அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். கட்டைவிரல் பத்து நொடிக்குமேல் தாங்கவில்லை. குழாய் குதித்து ஓடும். நான் தரையில் தேடுவேன். மறுபடியும் பயறு பொறுக்கிய கதைதான். நான்கு நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் அவர் இடுக்கியை மேசைமேல் வீசிவிட்டுக் கையைத் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "உக்காந்துருச்சு! உக்காந்துருச்சு!" என்று சத்தம் போட்டார். ஓடிப் பார்த்தேன். குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "தொடாத, காயட்டும்," என்று சொல்லிவிட்டுக் குளித்துக் கோயிலுக்குக் கிளம்பினார்.

அவர் போன கால் மணி நேரத்தில் நான் மேசையைத் துடைக்கப் போனேன். குழாயின் ஒரு முனை வளையத்திலிருந்து நழுவிப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. பசை காயவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோயிலிலிருந்து திருநீறோடு சிரித்துக்கொண்டு வரப்போகிற ஆளை நினைத்தேன். பிறகு உட்கார்ந்து இடுக்கியை எடுத்தேன். இரண்டே நிமிடம். எனக்கு அது என்ன பெரிய வேலை? பதினோரு வருடமாக இதைவிடச் சின்னப் பொருளைத்தானே கையாள்கிறேன்.

மதியம் அண்ணன் வந்தார். குனிந்து குழாயைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைத் தூக்கி அதையும் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. நோட்டை எடுத்துப் பதினேழாம் குழாய்க்கு நேரே கையெழுத்துப் போட்டார். நான் அடுப்படியில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "போன் பண்ணிட்டேன். டெஸ்ட் தேதி கேட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை."

"என்ன அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

"அதான் கை வந்துருச்சே. பதினேழு வந்துருச்சுன்னா கம்பி என்ன பெருசு?"

அலமாக் என்று மனதுக்குள் கத்தினேன். வாயில் வந்ததோ, "டீ போடவா?" என்பதுதான்.

அடுத்த இரண்டு நாள் நான் மனுஷியாக இல்லை. தொழிற்சாலையில் ஒரு பெட்டி குமிழ் முழுவதையும் ரிஜெக்ட் செய்துவிட்டு, மேற்பார்வையாளர் வந்து காரணம் கேட்டபோது காரணம் சொல்லத் தெரியாமல் நின்றேன். வீட்டில் அண்ணனின் கையையே பார்த்தேன். கோப்பையைத் தூக்கும்போது விரல் நடுங்கியது. சட்டைப் பொத்தானைப் போட இரண்டு தடவை முயன்றார். அவருக்கு அது தெரியவில்லை. பதினேழாவது குழாய் சரியாக நின்றதை அல்லவா அவர் பார்த்திருந்தார்? நடுங்கும் கையை அதற்குப் பிறகு எதற்குப் பார்க்கப் போகிறார்?

புதன்கிழமை சாயங்காலம் அவர் இரண்டு போல்டைப் பலகையில் பொருத்திக் கம்பி முறுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். முறுக்கு ஓர் இடத்தில் நெருக்கமாகவும் ஓர் இடத்தில் தளர்ந்தும் இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பரவால்ல, கம்பி சரியில்ல," என்றார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அண்ணே, அந்தக் குழாய நான்தான் ஒட்டினேன்."

"எந்தக் குழாய்?"

"பதினேழு. நீங்க கோயிலுக்குப் போனதும் அது சாஞ்சிருச்சு. நான் எடுத்து மறுபடி ஒட்டினேன்."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதி. அவர் கத்தவில்லை. நோட்டை எடுத்தார். பதினேழாம் குழாய்க்கு நேரே இருந்த தன் கையெழுத்தின்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். எழுத்து கீழே தெரியும்படியான கோடு. அவர்கள் தொழிலில் எதையும் அழிக்கக் கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"போடு. செஞ்சது யாரோ அவங்க கையெழுத்துப் போடணும்."

போட்டேன்.

"ஏன் செஞ்ச?"

"நீங்க கஷ்டப்படுறதப் பாக்க முடியல அண்ணே."

"நான் கஷ்டப்படல. நான் கத்துக்கிட்டு இருந்தேன்." நோட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "எங்க வேலையில ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் போயிரும். ஏன்னு தெரியுமா? மேல பறக்குறப்ப யாரு கைய நம்புறோம்னே தெரியாம போயிரும். நான் மூணு நாளா உன் கைய நம்பிட்டு இருந்திருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமையில்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். ஆங்கிலத்தில், மெதுவாக, தான் இன்னும் தயாரில்லை என்றார். ஒரு தடவை தள்ளிப்போடலாம், மூன்று வாரம், அதற்குமேல் முடியாது என்றார்கள். என்னால் இரண்டு மாத அவகாசம் மூன்று வாரமாகக் குறைந்துவிட்டது. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு அவர் பதினேழாம் குழாயைப் பிய்த்து எடுத்தார். பசையைச் சுரண்டினார். பிறகு நோட்டில் காலியாகக் கிடந்த 'சரிபார்த்தவர்' கட்டத்தைக் காட்டினார்.

"நீதானே ரிஜெக்ட் அக்கா? இனிமே நீ பாரு. சரின்னா போடு. சரியில்லன்னா சொல்லு. இரக்கப்பட்டு ஒண்ணும் சொல்லாத."

அன்று சாயங்காலமே முதல் தடவை ஒட்டினார். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வளையத்துக்குள் நுழைந்திருந்தது, ஆனால் முனை பெட்டியில் முட்டாமல் மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. தொழிற்சாலையில் முன்பின் தெரியாதவர்கள் செய்ததை நாளுக்கு நூறு தடவை வேண்டாமென்று சொல்கிறவள் நான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் முன் பூதக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன்.

"ரிஜெக்ட்," என்றேன்.

அவர் அதைப் பிய்த்து எடுத்தார். மறுநாள் சாய்ந்திருந்தது. ரிஜெக்ட். அதற்கு மறுநாள் பசை வழிந்திருந்தது. ரிஜெக்ட். குழாயே பிய்த்துப் பிய்த்து உடைந்துபோய், சட்டத்தின் மீதித் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்துப் புதுக் குழாய் செய்தார். அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். பிளாஸ்டிக் எவ்வளவு சூட்டில் இளகும் என்று நான் அவருக்குச் சொன்னேன். அதுவரை என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்தவர் அன்று பதில் சொன்னார். மூடியைக் கழற்றிப் போட்ட அந்த மெக்கானிக்குகளும் இப்படித்தான் கிடைத்ததை வைத்துச் செய்திருப்பார்கள் இல்லையா என்று கேட்டதற்கு, "அவனுங்களுக்கு உன்ன மாதிரி தங்கச்சி இருந்திருந்தா ஒரு விமானமும் கெளம்பியிருக்காது," என்றார். எனக்கு அது போதும்.

பதினோரு தடவை ரிஜெக்ட் செய்தேன். பன்னிரண்டாவது தடவை, தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தேன். குழாய் இரண்டு வளையத்திலும் நடுவே போயிருந்தது. பெட்டியில் முட்டியிருந்தது. பசை வெளியே தெரியவில்லை. எங்கேயாவது குறை இருக்குமா என்று தேடினேன். இல்லை.

"ஓகே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

தேர்வு நாளில் நான் விடுப்புப் போட்டேன். அவர் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனார். நான் மதியமே கெலாங் பாத்தாவில் பஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெயில். ஒரு கரும்புச்சாறு குடித்தேன். அந்தத் தேர்வுப் பெட்டி எப்படி இருக்கும், உள்ளே வெளிச்சம் இருக்குமா, பார்க்கிறவர் பக்கத்திலேயே நிற்பாரா என்று என்னென்னவோ யோசித்தேன். நான்கு மணிக்குமேல் பஸ் வந்தது. அவர் இறங்கி வந்து காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"அஞ்சும் சரி. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் கார் நெடுஞ்சாலையில் ஏறி, ஸ்கூடாய்ப் பக்கம் வழக்கமான நெரிசலில் நின்றபோது அவர் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கடைசியா ஒட்டின அந்தக் குழாய்... உண்மையிலேயே சரியா இருந்துச்சா? இல்ல, டெஸ்ட் வருதேன்னு கையெழுத்துப் போட்டியா?"

"சரியா இருந்துச்சு அண்ணே. சத்தியமா."

"ம்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நான்கு நாளும், இன்று பெட்டிக்குள் கையை விட்டபோதும்கூட, அவர் என் கையெழுத்தை நம்பாமல்தான் இருந்திருக்கிறார். எனக்கு வலித்தது. அவர்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே மேசைக்குப் போனார். விமானத்தைத் தூக்கி, ஜன்னல் பக்கம் போய், சாயங்கால வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில்.

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.